வயலில் விட்ட நீர் செல்லும் வழியைத் தோண்டாமல் அறிதல்

வேனிற் காலத்தில் நமது டெல்டாவின் களிமண் நிலங்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை யாவரும் அறிவர். முழங்கை வரை நுழையத்தக்க வெடிப்புகளும் உண்டு. மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஜூன் 12-ந் தேதி வழக்கமான நாளாகும். அதன்பின் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததும் மடையைத் திறந்துவிட்டு, இரவு முழுதும் பாய்ச்சியும் வயலின் கடைசி மூலை நனையவில்லையென்று விவசாயிகள் முறையிடுவதுண்டு. அத்தண்ணீர் எங்கே போயிற்று? அண்டை வயற்காரர் திருப்பிக்கொண்டார் என்று மடைத்தலையில் சச்சரவு செய்வாரும் உளர். உண்மையில் திருடன் பெரும்பாலும் அவரவர் காலின் கீழேயே இருக்கிறான்.

இதனை நேரிற் காண வேண்டுமாயின் குழி வெட்டிப் பார்ப்பதே பழைய வழி. ஆயினும் அவ்வழியில் ஒரு பெருங்குறை உண்டு. குழி வெட்டியவுடன் நீர் அக்குழியை நோக்கித் திரும்பிவிடும். வெடிப்புகளின் ஓரம் சரிந்து மூடிக்கொள்ளும். நாம் காண்பது குழியின் நிலையேயன்றி வயலின் நிலையன்று. மேலும் அதே இடத்தை நாளைக்கு மறுபடியும் பார்க்க இயலாது. வைத்தியர் நாடியைப் பிடித்து நோயறிவதுபோல, மண்ணைக் கலைக்காமலே அதன் உள்நிலையை அறியும் முறைகள் இக்காலத்தில் வழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றுள் விவசாயிகளுக்கு மிக அணுக்கமானது மின்தடை முறையாகும்.

இதன் தத்துவம் எளியது. நிலத்தில் இரண்டு இரும்பு முளைகளை அடித்து, அவற்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்துவார்கள். இவ்விரண்டுக்கும் இடையே வேறு இரண்டு முளைகளை நட்டு, அவற்றினிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். ஈரமண் மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடும். காய்ந்த மணல் மறிக்கும். வெடிப்பிலுள்ள காற்று மின்சாரத்தை அடியோடு மறிக்கும். வெளிமுளைகளைத் தூரத் தூர நடுந்தோறும் மின்சாரம் ஆழமாகச் சென்று திரும்புமாதலால், அடியிலுள்ள அடுக்குகளின் தன்மையும் அளவில் வந்துவிடும். பிரான்ஸ் தேசத்து கான்ராட் ஷ்லம்பெர்ஜே என்பார் 1912-ஆம் ஆண்டளவில் கனிகளைத் தேடுவதற்காகக் கையாண்ட முறை இது. இப்பொழுது பல முளைகளை ஒரே வரிசையில் நட்டுக் கம்பியால் இணைத்து, ஒவ்வொரு நான்காகக் கருவியே தேர்ந்து அளக்கும்படி செய்துள்ளனர். அவ்வளவுகளைக் கணிதத்தால் தொகுத்தால், மண்ணை நெடுக அறுத்து நிறுத்தினாற் போன்ற படமொன்று கிடைக்கும்.

தண்ணீர் விடுவதற்கு முன் ஒரு படமும், விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும், மறுநாள் ஒன்றும் எடுத்து ஒப்பிட்டால், முளைகள் அசையாமல் இருப்பதால், இடையில் மாறியது நீர் ஒன்றே என்று கொள்ளலாம். வெடித்த களிமண்ணில் நீர் மேலிருந்து படிப்படியாக இறங்குவதில்லை. மேல்மண் பாளங்கள் உலர்ந்திருக்கும்போதே வெடிப்புகளின் வழியாக அடிமண்ணை எட்டிவிடுகிறது. பாளம் ஈரத்தை உறிஞ்சி வீங்கி வெடிப்பை மூடுவதற்குள், சேற்றுழவுக்கென விட்ட நீரிற் பெரும்பகுதி வேருக்கு எட்டாத ஆழத்துக்குச் சென்றுவிடும். இம்முறையால் மண்ணின் சிறு வெடிப்புகளையும் படம் பிடிக்கலாமென்று பிரான்ஸ் தேசத்து மண்ணியலார் 2003-ஆம் ஆண்டு வெளியிட்டுள்ளனர்.

இன்னும் நுட்பமான கருவிகளும் உள. வைத்தியசாலைகளில் 1970-களில் வந்த எக்ஸ்-ரே அடுக்குப் படக் கருவியை 1980-களில் மண்ணியலாரும் எடுத்தாண்டனர். நியூட்ரான் கதிர்கள் உலோகத்தைக் கடந்து செல்லினும் நீரிலுள்ள ஹைட்ரஜனால் தடுக்கப்படுவதால், வேர் நீரை இழுப்பதையும் அவற்றால் காணலாம். எனினும் இவையெல்லாம் ஒரு கட்டி மண்ணையோ சிறு தொட்டியையோ சோதனைச்சாலைக்குக் கொண்டுசென்று பார்க்கத்தக்கவை. வயலுக்கு வருவது முளையும் கம்பியுமே.

இனி, இவ்வறிவால் நாம் செய்யத்தக்கது யாது? ஓர் ஏக்கரில் ஓர் அங்குல நீர் என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். கடைமடை விவசாயிக்கு இது சிறு கணக்கன்று. வெடித்த களிநிலங்களில் நீர் விடுவதற்கு முன்னரே மேலாகப் புழுதி உழவு செய்தால், உடைந்த சிறு கட்டிகள் வெடிப்புகளில் விழுந்து அவற்றை அடைத்துக்கொள்கின்றன. பிலிப்பைன்ஸ் தேசத்தில் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், இவ்விதம் செய்ததால் நிலம் தயாரிக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாயிற்றென்று கண்டனர். நமது பாட்டன்மார் கோடை உழவைப் பொன்னேர் கட்டித் தொடங்கியது வெறும் சடங்கன்று என்பதற்கு இது ஒரு சாட்சி. உளுந்து, பயறு அறுவடையான பின் கோடை மழை ஒன்று பெய்ததும், ஈரம் பதமாயிருக்கையில் உழுதல் வேண்டும். காய்ந்து இறுகியபின் உழுதால் பெரும் பாளங்களே பெயரும், பயனில்லை.

வரப்பையும் மறத்தலாகாது. வயலின் நடுவே சேற்றுழவால் மண் கலங்கி, நுண்களி துளைகளை அடைத்து, உழவு மட்டத்தின் கீழ் இறுகிய தட்டு ஒன்றும் அமைகிறது. வரப்பினடியில் ஏர் செல்வதில்லை. அங்கே அத்தட்டும் இல்லை. ஆகவே நீர் பக்கவாட்டில் வரப்பினுட் புகுந்து, அங்கிருந்து நேரே கீழிறங்குகிறது. அண்டை வெட்டிச் சேறு பூசுவதும், நண்டு வளை, எலி வளைகளை அடைப்பதும் இதற்காகவே. கூலி மிகுதியென்று அண்டை வெட்டை விட்டுவிடுவோர் நீரில் அதைவிட அதிகம் கொடுக்கின்றனர்.

மேற்சொன்ன உழவு யோசனை பழைய டெல்டாவின் களிநிலங்களுக்கே பொருந்தும். 1934-ஆம் ஆண்டு முதல் கல்லணைக் கால்வாயால் பாசனம் பெறும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண், மணற்பாங்கு நிலங்களில் வெடிப்பு இல்லை. அங்கே நீர் மணலின் ஊடே கசிந்தே போகிறது. அந்நிலங்களில் ஆழ உழுது அடித்தட்டை உடைப்பது நஷ்டத்தையே தரும்.

கசிந்த நீர் யாவும் வீண் என்று எண்ணுவதும் தவறு. அதில் ஒரு பகுதியே பில்டர் பாயிண்டு குழாய்களில் நாற்றங்காலுக்குத் திரும்பி வருகிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த காவிரித் தீர்ப்பில், நமது மாகாணத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைக்கப்பட்டது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது அதற்கு ஒரு முக்கிய காரணம். கண்ணுக்குத் தெரியாத நீர் நம் பற்றுக் கணக்கில் ஏறிவிட்டபடியால், அது எவ்விடத்தில், எவ்வளவு, என்ன சுவையில் இருக்கிறதென்று அறிதல் நமக்கு அவசியமாகிறது.

இதற்குப் பெரிய அளவிலான முயற்சியொன்று அண்மையிலேயே நடந்துள்ளது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும் 2011-ஆம் ஆண்டையடுத்து, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் சர்வகலாசாலையாரின் துணையுடன், நீர்தாங்கி அடுக்குகளைப் படமெடுக்கும் முன்னோடித் திட்டத்தை நடத்தின. தேர்ந்த ஆறு இடங்களுள் கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள கடலூர் ஜில்லாவின் கீழ்வெள்ளாற்று வடிநிலமும் ஒன்று. ஹெலிகாப்டரின் கீழ்ப் பெரிய கம்பி வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், பூமியினுள் மின்னோட்டம் தூண்டப்பட்டு மெல்ல அடங்கும். அது அடங்கும் விதத்தைக்கொண்டு அடுக்குகள் கணிக்கப்படும். இதில் ஒரு முளைகூட நிலத்தைத் தொடுவதில்லை.

இம்முறைகளில் ஏமாறத்தக்க இடம் ஒன்று உண்டு. கடல்நீரின் மின்தடை ஓம்-மீட்டர் கணக்கில் 0.2 அளவே, உப்பு ஏறிய மணலும் மிகக் குறைவாகவே காட்டும். ஆனால் நல்ல நீருள்ள களிமண்ணும் குறைந்த தடையையே காட்டுகிறது. ஆகவே நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடற்கரைத் தாலூகாக்களில் எண்ணை மட்டும் பார்த்து உப்பென்றோ களியென்றோ தீர்மானித்தல் கூடாது. அருகிலுள்ள குழாய்க் கிணற்றின் நீரைச் சோதித்து, தோண்டியபோது வந்த மண்ணின் விவரத்தையும் கேட்டு, படத்தோடு ஒத்துப்பார்த்தல் வேண்டும். தேங்காய் சுழல்வதை நம்பிக் குழாய் இறக்குவோர் இதை முக்கியமாகக் கவனிப்பாராக. புதிதாகக் குழாய் இறக்க எண்ணுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட ஆபீசில் மனுச் செய்துகொண்டால், உரிய கட்டணத்தின்பேரில் மின்தடைக் கருவியுடன் வந்து நிலத்தைச் சோதித்துத் தருவார்கள். முளையடிக்கும் நாளில் வயலில் நீர் தேங்கியிராதபடியும், மின்வேலி நிறுத்தப்பட்டிருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.