பத்தாக் மக்களின் திருச்சபை

விடுதியில் என் எதிரறை நண்பர் சுமத்திராவின் பத்தாக் இனத்தவர். என்னைப்போல் வேதியியல் பயில்பவர். கடவுளுக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று ஒருநாள் கேட்டேன். ‘தெபாத்தா’ என்றார். ‘தேவதா’ என்னும் வடசொல் கடல் கடந்து பெற்ற வடிவம் அது. அன்றுமுதல் அவர் சபையின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

‘ஹுரியா கிறிஸ்தென் பத்தாக் புரொத்தெஸ்தான்’ என்பது அதன் பெயர். 1861 அக்டோபர் 7 அன்று ஐரோப்பிய ஊழியர் நால்வர் கூடிப் பணியிடங்களைப் பகிர்ந்துகொண்டனர். அந்நாளே சபையின் பிறந்தநாள். மறு ஆண்டு வந்தார் ஜெர்மானியரான நொம்மென்சன். அவர் தோபா பத்தாக் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1878இல் வெளிவந்தது. அதே ஆண்டு மன்னர் சிசிங்கமங்கராஜாவுக்கு எதிராக டச்சுப் படை வந்தபோது அவர் அப்படையின் பக்கம் நின்றார். அவரைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1930இல் சபை தன்னாட்சி பெற்றது. ஆயினும் தலைவர் ஜெர்மானியரே. 1940இல் ஜெர்மனி ஹாலந்தைத் தாக்கவே, டச்சு அரசு ஜெர்மானியரைச் சிறைப்படுத்தியது. அப்போதுதான் பத்தாக் ஒருவர் தலைமை ஏற்றார்.

இது லுத்தரன் சபைதானா? அனுப்பிய ரைன் மிஷனிலோ லுத்தரன், சீர்திருத்த மரபினர் இருவரும் இருந்தனர். 1951இல் இச்சபை தன் விசுவாச அறிக்கையைத் தானே வகுத்தது. ஆக்ஸ்பர்க் அறிக்கையில் ஒப்பமிடவில்லை. அப்படியிருந்தும் 1952இல் உலக லுத்தரன் கூட்டமைப்பு அதைச் சேர்த்துக்கொண்டது. பெயர்ச்சீட்டைப் பாராமல் பொருளைச் சோதித்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதுவே முறை!

பெருஞ்சோதனை பின்னர் வந்தது. 1992 டிசம்பரில் சுகார்த்தோவின் இராணுவத்தினர் தாமே ஒருவரைச் சபைக்குத் தற்காலிகத் தலைவராக நியமித்தனர். ஏற்றவர் ஒருபுறம், மறுத்தவர் மறுபுறமாகச் சபை பிளந்தது. 1998இல் சுகார்த்தோ வீழ்ந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே இரு தரப்பும் இணங்கின.

நண்பரின் பெற்றோர் மணந்தது அந்தப் பிளவுக் காலத்தில். நம்மைப் போலவே அவர்களுக்கும் தாய்மாமன் இன்றித் திருமணம் இல்லை, ‘துலாங்’ என்பர். மாமன் எதிர்த்தரப்பு. கோயிலுக்குள் நுழையாமல் மழையில் நின்றாராம். பூசை முடிந்து அவர்கள் வெளியே வந்ததும் ‘உலோஸ்’ என்னும் நெய்த போர்வையை இருவர் தோளிலும் போர்த்திவிட்டு, சாப்பிடாமல் ஊர் திரும்பினாராம். அந்தப் போர்வையைத்தான் நண்பர் இங்கே கொண்டு வந்திருக்கிறார்.