ஒட்டுப்பலகையின் பசை

மலைவேம்பு வளர்த்து விற்கும் திருவண்ணாமலை வட்டார அங்கத்தினர், அம்மரம் ஒட்டுப்பலகையாகி வீடு திரும்பும்போது அதன் பசை யாதென அறிதல் நன்று.

யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் முதலில் காரத்திலும் பின்னர் அமிலத்திலும் வினைபுரியச் செய்து வெண்பிசின் காய்ச்சுவர். அது மலிவு, ஆயினும் ஈரமும் வெப்பமும் கூடின் பிணைப்பு முறிந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். அவ்வாயு புற்றுநோய் விளைப்பதென 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்தது. செம்பழுப்பான பீனால் பிசினோ கொதிநீரையும் தாங்கும்.

ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுமாதலால், பிசினில் உண்டான பிணைப்புகளை நிறமாலைமானி காட்டும். அவற்றுள் எளிதில் முறிவது எதுவெனக் கணிப்பொறி கணக்கிட்டுரைக்கும்.

வாங்குவோருக்குப் பலகையின் முத்திரையே வழிகாட்டி. உலர்ந்த அறைக்கு எம்.ஆர். வகை போதும். சாயச்சாலைக்கும் சமையலறைக்கும் கொதிநீரை எதிர்க்கும் பி.டபிள்யூ.ஆர். வகையையே கேட்டு வாங்குக.