செக்கு வாங்குவதற்கு முன்

உத்திரமேரூர்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது. ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே மரச்செக்கு போடப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மெஷினுக்கு விலை பேசியாகிவிட்டது, முன்பணம்தான் பாக்கி என்றாள். அதைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

அருண் ஐஸ்கிரீம் உனக்குத் தெரியும். அதை ஆரம்பித்த ஆர்.ஜி. சந்திரமோகன் திருத்தங்கல்காரர். 1970இல் குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த 13,000 ரூபாயைக் கொண்டு ராயபுரத்தில் 250 சதுர அடி இடத்தை வாடகைக்குப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து குச்சி ஐஸ் போட்டார்கள். தள்ளுவண்டியில் விற்றார்கள். முதல் வருடம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வியாபாரம். இவ்வளவும் எல்லோரும் சொல்லும் கதை. அடுத்த பத்து வருடம் அவர் பட்ட பாட்டைத்தான் நீ கவனிக்க வேண்டும். சென்னையின் நல்ல கடைகளையெல்லாம் பெரிய கம்பெனிகள் பிடித்து வைத்திருந்தன. அவர்களோடு மோதிப் பயனில்லை என்று கண்டவர் கல்லூரி விடுதிகளைத் தேடிப் போனார். கப்பல்களுக்கு உணவுப்பொருள் சப்ளை செய்பவர்களைப் பிடித்தார். 1981 வாக்கில், பெரிய கம்பெனிகள் எட்டிப்பார்க்காத வெளியூர்களுக்கு ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். அங்கேதான் தொழில் நிமிர்ந்தது. இன்று ஹட்சன் என்ற பெயரில் நிற்கும் கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஐஸ் போடுவது அவருக்கு முதல் மாதமே கைவந்திருக்கும். வாங்குகிறவரைக் கண்டுபிடிக்கத்தான் வருடங்கள் பிடித்தன.

உன் எண்ணெயை வாங்கப்போவது யார்? நம் ஊர் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் தொங்குகிறது. செக்கெண்ணெய் என்ன விலைக்கு வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய் பருப்புக்கே போய்விடும். பிண்ணாக்கு ஒன்றரை கிலோ தேறும். அதை மாட்டுக்காரர்களுக்குக் கிலோ 40 என்று கொடுத்தால் 60 ரூபாய் திரும்பும். மிச்சம் 240 ரூபாய் அடக்கம். இதன்மேல் கரண்ட் பில், பாட்டில், லேபிள், ஆள் கூலி, வாடகை, கடன் தவணை எல்லாம் ஏற வேண்டும். 300க்குக் கீழே விற்றால் உன் உழைப்புக்கு ஒன்றும் நிற்காது. பாமாயில் வாங்கும் வீட்டில் இந்த விலை எடுபடாது. வாத்தியார் வீடு, டாக்டர் வீடு, செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் குடியேறிவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகளின் வீடு என்று பெயர் பெயராக எழுதிப் பார். ஐம்பது பேர் தேறுகிறார்களா?

அடுத்தது பருப்பு. மல்லாட்டை அறுவடை முடிந்த கையோடுதான் விலை இறங்கும். அப்போது வாங்கி வைக்காவிட்டால் சீசன் போனபிறகு அதிக விலைக்கு வாங்க நேரும். வாங்கி வைத்தால் பணம் மாதக்கணக்கில் மூட்டைக்குள் முடங்கும். சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை பிடிக்கும். அதை ஆட்டினால் எண்ணெயும் கெடும், தின்கிறவர் உடம்பும் கெடும். ஆகவே மெஷின் விலையைப் போல இன்னொரு மடங்கு கையிருப்பு வேண்டும் என்பது என் கணக்கு. உன் சேமிப்பு முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டால் மூன்றாம் மாதம் தண்டல்காரரிடம்தான் போய் நிற்பாய். 10,000 என்று பேசி 8,500 கொடுப்பார். தினம் நூறாக நூறு நாள் வாங்கிக்கொள்வார். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் அன்றாடம் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக உன் கையில் இருந்த பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு வட்டி 1,500. நம் கடைத்தெருவில் எத்தனையோ கடைகளின் ஷட்டரை இந்த வட்டி இறக்கியிருக்கிறது.

கடன் தேவைப்பட்டால் காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போ. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத் தொழிலுக்கு, பிரிவைப் பொறுத்து 25 அல்லது 35 சதவீதம் மானியம் உண்டு. அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான் இது. அவசரப்பட்டு மெஷினை இறக்கி ஓட்டிவிட்டு மனுப் போட்டால் தள்ளிவிடுவார்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்காதே.

கணக்கு விஷயம் ஒன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் நீ சின்னப் பையனாக விரல் வைத்துத் தடவிய எழுத்துகள் நினைவிருக்கிறதா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதி யாருக்கு என்று சொல்பவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மைத்துனர், தாய்மாமன், உடன்பிறந்தாள் மகன்வரை பெயர் எழுதக்கூடாது. நீ கணக்குத் தவறினால் நானும் நான் தவறினால் நீயும் மாட்டுகிற சட்டம் அது. வியாபாரமும் அப்படித்தான் குடும்பத்தையே இழுக்கும். கடைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வை. உன் சம்பளம் என்று மாதம் ஒரு தொகையை மட்டும் எடு. சித்தப்பா வந்து இரண்டு லிட்டர் கேட்டாலும் நோட்டில் எழுது.

பின்னாளில் சென்னையில் உணவகங்கள் நடத்திய பேட்ரிசியா நாராயண் மெரினாவில் தள்ளுவண்டி போட்ட முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, ஐம்பது பைசா. அவரே பேட்டிகளில் சொன்னது இது. ஆனால் அதற்கு முன்பே வீட்டில் ஊறுகாயும் ஜாமும் செய்து, அம்மாவின் அலுவலகத்தில் விற்றுப் பழகியிருந்தார். நீயும் அப்படிச் செய். வேலையை இப்போது விடாதே. பதிவை வாங்கிக்கொண்டு, வந்தவாசிப் பக்கம் நல்ல பருப்பாக ஒரு மூட்டை வாங்கு. கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடு. மூன்று மாதம் பார். யார் வாங்கினார்கள், யார் இரண்டாம் முறை கேட்டார்கள், யார் பாக்கி வைத்தார்கள் என்று நோட்டில் எழுது.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெஷினுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உன் மாமா