கடுக்காயும் இரும்பும் கற்றுத் தந்த பாடம்

நமது சங்கத்துப் பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது, மணிநகரில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். 14 ஆண்டுகள் வேலை பார்த்த கம்பெனியில் அவருடைய பிரிவையே மூடிவிட்டார்களாம்.

"மாமா, எனக்கு முப்பத்தெட்டு வயசு. தெரிஞ்சது ஒரே வேலைதான். இனிமே புதுசா எதைத் தொடங்கறது? நாலு ஊர் சுத்திட்டு வந்தா புத்தி தெளியும்னு சிலர் சொல்றாங்க. அதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் சுமந்தவன்தான். எனக்குக் கிடைத்த பதிலை அவருக்கும், அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆலைச் சங்கு நின்றபோது

அகமதாபாத்தின் முதல் நூற்பாலையை ரண்சோட்லால் சோட்டாலால் 1861-ல் தொடங்கினார். அதன்பின் ஆலைகள் பெருகி, 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று இந்நகருக்குப் பெயர் வந்தது. நான் 1969-ல் 24 வயதில், துணிச்சாயத் தொழிலில் டிப்ளமா பெற்று, ஓர் ஆலையின் சாயப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். படிப்படியாக டையிங் மாஸ்டர் ஆனேன். ஷிப்ட் மாறும்போது ஒலிக்கும் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம்.

1980-களில் இந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. விசைத்தறிகளின் போட்டி, பழைய இயந்திரங்கள், செயற்கை இழைத் துணிகளின் வரவு என்று காரணங்கள் பல. 1986-ல் எங்கள் ஆலையின் சங்கும் நின்றது. அப்போது எனக்கு 41 வயது. இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தார்கள். வரவேண்டிய பாக்கி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. "ஊருக்கே திரும்பிப் போயிடலாமா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். ஊரில் எனக்கென்று காத்திருந்த வேலை எதுவுமில்லை.

வேறு வழியின்றி, சாயப்பொடி விற்கும் நிறுவனம் ஒன்றுக்குக் கமிஷன் ஏஜெண்டானேன். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜேத்பூர், ராஜ்கோட் என்று அச்சுப்பட்டறைகளில் ஏறி இறங்கினேன். அப்படித்தான் 1988-ல் கட்சுக்குப் போனேன். ஆகவே என் பயணம் புதிய எண்ணங்களைத் தேடிப் போனதன்று. வீட்டு வாடகைக்காகப் போனது.

விற்கப் போன இடத்தில்

இரவுப் பேருந்து சூரஜ்பாரிப் பாலத்தைத் தாண்டும்போது விடிந்தது. இருபுறமும் உப்பளங்கள். பச்சாவுவில் இறங்கி, வேறு வண்டி பிடித்துத் தமட்கா என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அஜ்ரக் என்னும் அச்சுத்துணி செய்யும் கத்ரிகளின் ஊர் அது. அடர்ந்த நீலமும் சிவப்பும் கறுப்பும் கலந்த, இரு பக்கமும் ஒன்றுபோல் அச்சிட்ட துணி. இவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் சிந்துவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி.

ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். பெட்டியைத் திறக்கப் போனேன். "மாஸ்டர், அதை ஓரமா வையுங்க. முதல்ல சாயா குடிங்க" என்றார். குடித்து முடித்ததும், "நாங்களும் டப்பாச் சாயம் போட்டவங்கதான். இப்ப பழையபடி திரும்பிட்டோம். உங்களிடம் வாங்க எனக்கு எதுவுமில்லை. இவ்வளவு தூரம் வந்தீங்க, பார்த்துட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்னது அந்த ஊரின் வரலாறு. செயற்கைச் சாயங்கள் பரவியபோது இங்கும் இயற்கைச் சாயம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1970-களில் முகமது சித்திக் கத்ரி என்பவர் பழைய முறைகளை மீட்டுத் தம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். பின்னாளில் அவர் மகன் இஸ்மாயில் கத்ரிக்கு இங்கிலாந்தின் டி மான்ட்போர்ட் பல்கலைக்கழகம் 2003-ல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

அன்று முழுவதும் அந்தப் பட்டறையில் இருந்தேன். வேலையின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் துணியை ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் ஆகியவற்றில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வெளுக்கிறார்கள். அடுத்துக் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் நனைக்கிறார்கள், துணி இளமஞ்சளாகிறது. சாயம் ஏறக்கூடாத இடங்களில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சுக்கட்டையால் பதிக்கிறார்கள். கறுப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் போட்டு இரண்டு வாரம் போலப் புளிக்க விடுகிறார்கள். புளித்த நீரின் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. அதில் புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் காய்ச்சினால் அச்சுக்கான பசை தயார். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரப் பசை. பிறகு அவுரித் தொட்டியில் தோய்த்தால் நீலம். கடைசியாக மஞ்சிட்டி வேரோ, வேருக்குப் பதில் அலிசரினோ போட்ட கொதிநீரில் துணியை வேகவைக்கிறார்கள்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது படிகாரம்தான். அச்சிடும்போது அதற்கென்று நிறம் கிடையாது. கொதிநீரில் வெந்த பிறகே, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழுகிறது. மஞ்சிட்டியின் சிவப்புக்கு முக்கியமான பொருள் அலிசரின். அதைச் செயற்கையாக உண்டாக்கும் வழியை 1868-ல் ஜெர்மானிய வேதியியலார் கிரேபேயும் லீபர்மனும் கண்டார்கள். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் வேரும் படிகாரமும் சேர்ந்து சிவப்பதை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

புறப்படும்போது பெரியவர் கேட்டார்: "நீங்க மதராஸ் பக்கத்து ஆள். அங்கே சிவப்புக்கு எந்த வேர் போடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. 17 ஆண்டுகள் சாயத்தில் கை நனைத்தவன், வெட்கத்துடன் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்று ஒரு கிலோ சாயப்பொடிகூட விற்கவில்லை.

உள்ளூரிலேயே ஒரு பயணம்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அகமதாபாத் திரும்பியதும் காலிகோ துணி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1949-ல் தொடங்கப்பட்ட அந்த இடம் நம் ஊரிலேயே இருந்தும், 19 ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் எட்டிப் பார்த்ததில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பழைய வண்ணத் துணிகளை அங்கே கண்டேன். அவற்றின் சிவப்பு, சாயவேர் என்றும் இம்பூறல் வேர் என்றும் நம்மவர் அழைக்கும் செடியின் வேரிலிருந்து வந்தது. என் சொந்த மண்ணின் செய்தியைத் தெரிந்துகொள்ள எனக்குக் கட்சுவழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

சிவக்காத சிவப்பு

வீட்டுப் பின்கட்டில் சோதனை செய்யத் தொடங்கினேன். ஏஜெண்டு வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயம். கடுக்காயில் நனைத்து, படிகாரம் ஏற்றி, மஞ்சிட்டியில் வேகவைத்தேன். எதிர்பார்த்த சிவப்பு வரவில்லை. அழுக்குப் பிடித்த ஊதா வந்தது. படிகாரத்தைக் கூட்டினேன், வேரை மாற்றினேன், நேரத்தை நீட்டினேன். மூன்று ஞாயிறுகள் வீணாயின.

மூன்றாவது ஞாயிறன்று என் மனைவி வந்து பார்த்தாள். "எங்க தாத்தா கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சுவார். இது அந்த மை மாதிரின்னா இருக்கு?" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. அன்னபேதி என்பது இரும்பு உப்பு. நான் சாயம் காய்ச்சியது, காயலான் கடையில் வாங்கிய பழைய இரும்பு டிரம்மில்! கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். படிகாரச் சிவப்பையும் இரும்பு மங்கவைக்கும். ஆலையில் எல்லாத் தொட்டிகளும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ஆகவே, பாத்திரத்தைச் சந்தேகிக்கும் பழக்கமே எனக்கு ஏற்படவில்லை. படித்தது மனத்தில் இருந்தது. வேலை செய்த இடம் அதை மறக்கடித்திருந்தது.

டிரம்மை மாற்றியதும் சிவப்பு வந்தது. ஆனால் எனக்கு வேறொரு எண்ணமும் வந்தது. சிவப்பு செய்யக் கட்சில் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள் இருக்கிறார்கள். நான் செய்தால் அவர்களுடைய நிழலாகத்தான் இருக்கும். தவறி வந்த அந்தக் கறுப்பை வேண்டுமென்றே செய்து பார்த்தால் என்ன? கடுக்காயை ஐந்து அளவிலும், இரும்பு நீரை ஐந்து அளவிலும் எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளங்கையளவுத் துண்டுகள் 25 தோய்த்தேன். ஆலை லேபில் சாம்பிள் போடும் அதே முறை. மேகம், புறா இறகு, அடுப்புச் சாம்பல், ஈரமண் என்று 25 சாம்பல் நிறங்கள் கிடைத்தன. 1989-ல் கைவினைக் கடை ஒன்று, சாம்பல் நிறத் துப்பட்டாக்கள் 60 கேட்டது.

கிழிந்த துணி

இங்கே கதை சுபமாக முடிந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. எட்டு மாதம் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். சில துப்பட்டாக்கள் மடிப்பு விழுந்த இடத்தில் பொடிந்து கிழிந்திருந்தன. துணியில் இரும்பு மிகுந்தால் பருத்தி இழை நாளடைவில் வலுவிழக்கும். அடர்ந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு இரும்பைக் கூட்டியதும், அலசுவதில் அவசரப்பட்டதும் என் குற்றம். விற்றவற்றுள் திரும்பி வந்த அனைத்துக்கும் பணம் கொடுத்தேன். அந்தப் பணம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்திருந்தது. அன்று இரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, எந்த எண் துண்டு எவ்வளவு இரும்பு வாங்கியது என்பதெல்லாம் அதில் எழுதியிருந்தது. பழைய துண்டுகளை எடுத்து இழுத்துப் பார்த்தேன். இரும்பு மிகுந்தவை கிழிந்தன, குறைந்தவை கிழியவில்லை. எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதை அந்தத் துண்டுகளே சொல்லிவிட்டன. நிறத்தை இளமையாக்கினேன், மும்முறை அலசினேன். 1991-ல்தான் ஏஜெண்டு வேலையை விட்டேன். அந்தச் சிறு பட்டறை 2012 வரை எங்களுக்குச் சோறு போட்டது.

ஊரையே மாற்றியவர்கள்

2001 ஜனவரி 26 காலை நிலநடுக்கம் கட்சைக் குலைத்தது. அகமதாபாத்திலும் கட்டடங்கள் விழுந்ததை நம்மில் பலர் கண்டோம். தமட்கா பெரும்பாலும் தரைமட்டமானது. உயிர்ச்சேதம், வீட்டுச்சேதம் இவற்றோடு சாயக்காரர்களுக்கு இன்னொரு இடியும் விழுந்தது. அங்கிருந்த நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்துவிட்டது. என் டிரம் எனக்குச் செய்ததை, அவர்களுக்கு அவர்களுடைய நிலமே செய்தது.

சிலர் அங்கேயே தங்கினார்கள். வேறு சிலர் நல்ல நீர் தேடி, பூஜ் நகருக்கு அருகில் நிலம் வாங்கிப் புதிய ஊர் ஒன்றை அமைத்தார்கள். தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்: அஜ்ரக்பூர். பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே போனபோது, அச்சுக்கட்டை மேசையில் விழும் அந்தப் பழைய ஓசையைக் கேட்டு நின்றேன். ஊர் புதிது, கிணறு புதிது, கைவேலை பழையது. கட்சுக்குப் போகும் அன்பர்கள் அவ்வூரையும், அங்கே 2016-ல் திறக்கப்பட்ட எல்.எல்.டி.சி. கைவினை அருங்காட்சியகத்தையும் பார்த்து வரலாம்.

இளைஞருக்கு என் பதில்

தம்பி, ஊர் சுற்றினால் மட்டும் புத்தி தெளிந்துவிடாது. உங்களுக்குத் தெரிந்த தொழிலை வேறு விதமாகச் செய்கிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே உங்களால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி எழும். அதை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வந்தபின், உள்ளங்கையளவுத் துண்டில் முதலில் தோய்த்துப் பாருங்கள். முழுத் தானையும் தொட்டியில் இறக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கு வருகிற சிறு வருமானத்தை அவசரப்பட்டு விடாதீர்கள். அது இருந்ததால்தான் என்னால் மூன்று ஞாயிறுகளை வீணாக்க முடிந்தது. ஒவ்வொரு முயற்சியையும், முக்கியமாகத் தவறியதை, அளவோடு எழுதி வையுங்கள். வீட்டிலுள்ளவர்களிடம் காட்டுங்கள், நீங்கள் பார்க்கத் தவறியது அவர்கள் கண்ணில் படலாம்.

புதிய வேலைக்காகப் பழைய அறிவைத் துறக்க வேண்டியதில்லை. 14 ஆண்டுகளில் நீங்கள் கற்றது, நிறம் தெரியாத படிகாரம் போல் உங்களிடம் இருக்கிறது. அது எந்த நீரில் வெந்தால் சிவக்கும் என்பதைத்தான் தேட வேண்டும். நீர் கெட்டுவிட்டால் வேறு கிணற்றுக்குப் போவதில் அவமானமில்லை.

அந்த நோட்டுப் புத்தகமும் 25 துண்டுகளும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். கிழிந்த துண்டுகளை முதலில் காட்டுகிறேன்.