குடும்பமாக ஒரு மாவுக் கடை: தொடங்குவது எப்படி?

வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு தொழில் செய்யலாமென்று யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இட்லி மாவுக் கடைதான். பெரிய முதல் வேண்டாம், சரக்கு தேங்காது. தெருவுக்கு இரண்டு கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அதில் நம்பி வாங்கும் கடை எது என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இடம் காலியாக இருப்பது புரியும்.

எடுத்த எடுப்பில் கடை பிடிக்காதீர்கள். வீட்டுக் கிரைண்டரிலேயே அரைத்து, ஒரு மாதம் அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்து, குறை கேட்டு அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இட்லி அரிசி நாலு பங்கு, முழு வெள்ளை உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். புது உளுந்து என்றால் மாவு நிறையக் காணும். பழசு என்றால் கூடுதலாகப் போட வேண்டும். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். கல் சூடேறினால் மாவு பொங்காது. ஒரு கிண்ணம் தண்ணீரில் உளுந்து மாவை ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் வழித்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

கை பழகியதும் காகித வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். வீட்டு மின் இணைப்பில் கடைக் கிரைண்டரை ஓட்டக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வணிக இணைப்பு கேளுங்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். உத்யம் பதிவு இலவசம், அதற்கு இடைத்தரகர் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். டில்டிங் கிரைண்டர் வாங்கக் கையில் பணமில்லை என்றால், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். பழுது பார்க்க ஆள் உள்ளூரில் கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாள் கிரைண்டர் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு.

இந்தத் தொழிலில் சோதனை தண்ணீரில்தான் வரும். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் நியாயமாக அரைத்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை மாவு காணும். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் எடை கூடும், லாபமும் கூடும். மறுநாள் காலை இட்லி தட்டையாக இருக்கும். அந்த வீட்டம்மா சண்டைக்கு வரமாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். மீந்த மாவைப் புது மாவில் கலப்பதும் இதே கதைதான். "பழைய மாவு, பணியாரத்துக்கு, ஊத்தப்பத்துக்கு" என்று எழுதிப்போட்டு விலை குறைத்து விற்றுவிடுங்கள். சோடா உப்பு வேண்டவே வேண்டாம்.

தூக்குவாளியோடு வருபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், கவர் செலவு மிச்சம். வாளியை அவர் கண் முன்னே தராசில் வைத்து, எடை பூஜ்யமானதைக் காட்டிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். உளுந்து விலை ஏறினால் மாவு விலையையும் ஏற்றிப் பலகையில் எழுதுங்கள். விலையை அப்படியே விட்டு உளுந்தைக் குறைப்பது வேறு பெயரில் திருட்டு.

வீட்டுக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. அரைப்பவர், பாத்திரம் கழுவுபவர், கல்லாவில் உட்காருபவர் எல்லாருக்கும், மருமகள் உட்பட, மாதச் சம்பளம் குறித்துவிடுங்கள். கல்லாவிலிருந்து காய்கறிக்கு எடுக்கும் பழக்கம் வந்தால் லாபம் எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாது. சம்பளம் இல்லாத மருமகள் இரண்டு வருடத்தில் சலித்துப்போவார், அதில் நியாயமும் உண்டு.

சித்திரை வெயிலில் மட்டும் தொடங்காதீர்கள். நாலைந்து மணி நேரத்திலேயே மாவு பொங்கி வழியும், புதியவர்களால் சமாளிக்க முடியாது. ஆவணியில் தொடங்கினால் அடுத்த கோடைக்குள் கை பழகிவிடும்.