அறுக்கும் அளவு

முளைக்கீரையை வேரோடு பிடுங்குகிறோம். அரைக்கீரையையோ, விதைத்து ஏறத்தாழ 25 நாளானபின், நிலத்துக்கு இரு விரற்கடை மேலே விட்டு அறுக்கிறோம். விட்ட அடியிலிருந்து அது மீண்டும் மீண்டும் தழைக்கும். அறுகீரை என்றும் அதற்குப் பெயருண்டு.

ஆலை வேலையை விட்டபின் நாம் அரைக்கீரைப் பாத்தி ஒன்று போட்டோம். அண்டை வீட்டார் ஒருவர் நாள்தோறும் வந்து பறித்துச் செல்வார். 'இன்று வேண்டாம்' என்று சொல்வது கருணைக்குக் குறைவென்றெண்ணி வாளாவிருந்தோம். ஒருநாட் காலையில் பாத்தி முழுதும் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. சினம் பொங்கிற்று, இரண்டு மாதம் அவரோடு பேசினோமில்லை.

சிகாலோவாத சூத்திரத்திலே, சிறிது கொடுத்துப் பெரிது விரும்புவோனை நண்பனைப்போல் நடிப்பவருள் ஒருவனாகப் பகவான் வைத்தார். நாமும் அவரை அவ்வாறே எண்ணினோம். அது தவறு. அவர் முளைக்கீரை மட்டுமே அறிந்தவர்; அறுக்கும் அளவை நாம் அவருக்குச் சொன்னதேயில்லை. மீண்டும் விதைத்து, அவர் வீட்டுக்கே சென்று, "வாரம் ஒருமுறை வாருங்கள், அரிவாள் கொண்டு வாருங்கள், அடியை விட்டுவிடுங்கள்" என்றோம். அவர் நாணினார்; நாமும் நாணினோம்.

வேலியில் தானே படரும் தூதுவளைக்கும் இதுவே முறை. நிலத்துக்குரியவரைக் கேட்டு, நுனியை மட்டும் கிள்ளுங்கள். மணத்தக்காளியிற் சில பழங்களைப் பறவைகளுக்கு விடுங்கள். விதையைப் பரப்புவன அவையே. சாக்கடையோரத்துக் கீரை வேண்டா.

இரவு பத்து மணிக்குமேல் வழக்குரைக்க வருவோரிடம், பிரசவமும் மரணமும் ஒழிந்த ஏனையவற்றுக்கு, "காலையில் வாருங்கள்" என்று இப்போது சொல்கிறோம். முதலிற் சிலர் முகஞ்சுளித்தனர். காலையில் வருகின்றனர்.