உப்புக் கணக்கில் மனிதர்



மரக்காணத்து உப்பளங்களின் சரித்திரத்தை எழுத விரும்பும் நீ, எழும்பூரில் 1909இல் தோன்றி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்கும் அந்த ஏட்டுக் கடலில் எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறாய். அவ்வூர்ப் பூமீஸ்வரர் ஆலயத்துச் சோழர் கல்வெட்டுகளிலிருந்து தொடங்கு என்று பலரும் சொல்லியிருப்பார்கள், மேன்மையான யோசனைதான், எனினும் பாத்தியில் வெயில் தாங்கி நின்று உப்பு வாரியவனைத் தேடுவது உன் நோக்கமானால், கிழக்கிந்தியக் கும்பினியார் 1805இல் சென்னை ராஜதானியின் உப்பைத் தமது ஏகபோகமாக்கிக்கொண்டதிலிருந்து தொடங்குவதே உசிதம், அன்று முதல்தான் அவன் விளைவித்த ஒவ்வொரு குவியலுக்கும் கணக்கெழுத ஒரு சர்க்கார் முளைத்தது.

ரெவினியு போர்டின் நடவடிக்கைகளில் மரக்காணம் அன்று சேர்ந்திருந்த தென்னாற்காடு ஜில்லாவைப் பிடித்துக்கொள். கட்டுகளை வரவழைக்குமுன் அந்தந்த வருஷத்து அட்டவணையை முழுவதும் படி. ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தவாறெல்லாம் எழுதினார்களாகையால், ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுபவன் வெறுங்கையோடு திரும்புவான். பசலி என்னும் வரிக்கணக்கு ஆண்டோடு 590ஐக் கூட்டிக்கொள்: பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, அதாவது தாது வருஷப் பஞ்சகாலம். உப்பின் அளவைக் கரிசையில் குறித்திருப்பார்கள். ஒரு கரிசை 120 மணங்கு.

ஆனால் தம்பி, இக்காகிதங்கள் உனக்காக எழுதப்பட்டவையல்ல. உப்பு விளைவித்தவனுக்குக் குடிவாரம் என்று ஒரு சொற்பத் தொகையைக் கொடுத்துவிட்டு, அதே உப்பைப் பன்மடங்கு விலைக்கு விற்ற அதிகாரிகள், தம் லாபநஷ்டத்தை மேலிடத்துக்குச் சமாதானம் கூறவே எழுதினார்கள். அவற்றில் உழைப்பாளி கரிசையாகத்தான் வருவான். பெயரோடும் ஊரோடும் அவன் எழுந்து நிற்கும் இடங்கள் இரண்டே: குறை சொல்லி எழுதிய விண்ணப்பம், கள்ள உப்போடு பிடிபட்ட வழக்கு. ஒழுங்காக வேலைசெய்து மடிந்தவனை மறந்துவிட்டு, அகப்பட்டவனை அமரனாக்கும் இந்த விநோத நியாயத்தை நினைத்து நான் சிரித்ததுமுண்டு. குற்ற வழக்குகளைக் கௌரவக் குறைவென்று ஒதுக்காதே.

பக்கத்திலிருக்கும் புதுச்சேரியையும் மறவாதே. பிரெஞ்சுப் பிரதேசங்களில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆங்கிலேயர் ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் தர 1815இல் உடன்படிக்கை செய்தனர் என்றால், எல்லையோரத்து உப்பைக் கண்டு அவர்கள் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை அங்கே இருக்கிறது. கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டு போ.

எடுத்த பிரதிகளை அளத்தில் வேலைசெய்யும் முதியவர்களிடம் வாசித்துக் காட்டு; ஒரு பாத்தி இவ்வளவு தருமா தராதா என்பதை எந்தக் கலெக்டரையும்விட அவர்களே அறிவார்கள். கோடையில் அவர்களை இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்காதே. அப்போது நீ எழும்பூரிலேயே இரு. ஐப்பசி, கார்த்திகையில் அளங்களில் மழைத்தண்ணீர் நிற்கும்போது அவர்களுக்கு வேலையிராது. அப்போது போய் உட்கார்.